சிரிக்க வைத்தவரின் கடிதங்கள்

கடிதம் பாதிச் சந்திப்பு என்பது அரபும் பாரசீகமும் வழங்கும் நாடுகளில் பழகிப்போன ஒரு சொல். கண்ணால் காண இயலாதவரைக் கையெழுத்தின் வழியாகக் காண்கிறோம் என்பது அதன் கருத்து. ஆனால் அந்தப் பாதிச் சந்திப்பு இருவருக்கிடையே நிகழ்வது. மூன்றாமவர் ஒருவர் அதே கடிதத்தைப் பிரித்துப் படித்தால் அது சந்திப்பா, ஒட்டுக் கேட்டலா? எழுதியவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தபின் அவருடைய சொந்தக் கடிதங்கள் நூலாகி விலைக்கு வருமானால், அவற்றைப் படிப்பது முறைதானா?

இவ்வினாவை நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் எழுப்பினார். அவர் கையில் இருந்தது ஆங்கில நகைச்சுவை நாவலாசிரியர் பி. ஜி. உட்ஹவுஸின் கடிதத் தொகுதி. நாம் உடனே விடை சொல்லவில்லை. கடிதம் ஓர் அமானிதம். உரியவரிடம் சேர்க்கப்பட வேண்டியதே அன்றி, வழியில் பிரிக்கப்பட வேண்டியதன்று. இது பொதுவிதி. எனினும், ஒருவர்மீது நாடறியப் பழி சுமத்தப்பட்டு, அப்பழிக்குரிய விளக்கம் அவருடைய கடிதங்களுக்குள்ளே கிடக்குமானால், அவற்றைப் படிப்பது அவருக்குச் செய்யும் நீதியும் ஆகலாம். உட்ஹவுஸின் நிலை அத்தகையது. ஆதலால் அவர் வாழ்க்கையையும் கடிதங்களையும் ஒருசேர வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பெற்றோரைக் காணாத பிள்ளை

பெல்ஹாம் கிரென்வில் உட்ஹவுஸ் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஹாங்காங்கில் நீதிபதி. குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது, தாயார் தம் மூன்று ஆண்மக்களையும் இங்கிலாந்தில் ஒரு செவிலியிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார். அதன்பின் பதினைந்து வயதளவும் அப்பிள்ளை பெற்றோரைக் கண்ட நாட்கள் மிகச் சொற்பம். விடுமுறை தோறும் அத்தைமார், சிற்றன்னைமார், மாமன்மார் இல்லங்களில் மாறி மாறித் தங்கினார். பின்னாளில் அவர் கதைகளில் அதட்டியும் உருட்டியும் வரும் அத்தைமார் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் இந்த இளமைப் பருவத்தை நினைவிற்கொள்ள வேண்டும்.

தந்தை கடல் கடந்து பொருளீட்டச் செல்வதும், பிள்ளைகள் அவரைக் கடிதத்தில் மட்டுமே அறிந்து வளர்வதும் என்ன என்பதை நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வெற்றிடத்தை ஒருவர் கண்ணீரால் நிரப்பலாம். மற்றொருவர் சிரிப்பால் மூடலாம். உட்ஹவுஸ் இரண்டாவது வழியைக் கொண்டவர்.

அவருக்கு வீடாக அமைந்தது டல்விச் கல்லூரி என்னும் பள்ளிதான். 1894 முதல் 1900 வரை அங்கு இருந்தார். கிரேக்கமும் இலத்தீனும் நன்கு கற்றார். கிரிக்கெட்டில் பந்து வீசினார். ஆக்ஸ்ஃபோர்டுக்குச் செல்ல ஆயத்தமாக இருந்த வேளையில் குடும்பத்தின் பொருள்நிலை இடங்கொடுக்கவில்லை. தந்தையின் ஓய்வூதியம் இந்திய ரூபாய்க் கணக்கில் வழங்கப்பட்டதையும், ரூபாயின் மதிப்பு ஏறியும் இறங்கியும் குடும்பத்தை அலைக்கழித்ததையும் உட்ஹவுஸ் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார். படிப்பை இழந்த ஓர் இளைஞனின் ஏமாற்றத்தை அந்த வேடிக்கைக்குள் எங்கும் காண முடியாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே வரும் பெரிய துன்பத்துக்கும் இதுவே திறவுகோல்.

1900இல் இலண்டனில் ஹாங்காங் ஷாங்காய் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் பேரேடு, இரவில் கதை. 1902இல் முதல் நூல் வெளிவந்த ஆண்டிலேயே வங்கியை விட்டு விலகினார். பின்னர் அமெரிக்கா சென்றார். 1914இல் நியூயார்க்கில் எதல் என்னும் கைம்பெண்ணை மணந்தார். எதலின் முதல் மணத்தில் பிறந்த மகள் லியோனோராவுக்கு அப்போது பத்து வயது. அச்சிறுமியை அவர் தம் சொந்த மகளாகவே ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு, 1915இல், உலகறிந்த பணியாளர் ஜீவ்ஸும் அவருடைய எசமானன் பெர்ட்டி ஊஸ்டரும் ஒரு சிறுகதையில் முதன்முதலாகத் தலைகாட்டினர். பிளாண்டிங்ஸ் மாளிகைக் கதைகளும் அவ்வாண்டிலேயே தொடங்கின. தொண்ணூறுக்கு மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார்.

நகையின் தோற்றுவாய்

எள்ளலாலும் இளமையாலும் பேதைமையாலும் மடமையாலும் நகை பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். இவ்வகுப்பைக் கொண்டு உட்ஹவுஸை அளந்தால் ஓர் உண்மை புலனாகும். அவருடைய நகைச்சுவையில் எள்ளல் மிகக் குறைவு. பேதைமையும் இளமையுமே மிகுதி. பெர்ட்டி ஊஸ்டர் அறிவிற் குறைந்தவன். ஆனால் கொடுமை அறியாதவன். நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் போய்த் தானே சிக்கலில் மாட்டிக்கொள்பவன். அவனைக் கண்டு நாம் சிரிக்கிறோமே அன்றி அவனை இகழ்வதில்லை.

அரிதாக எள்ளல் தோன்றும் இடமும் உண்டு. 1938இல் வெளிவந்த ‘தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்’ என்னும் நாவலில், கருப்பு அரைக்காற்சட்டை அணிந்த தொண்டர் கூட்டம் ஒன்றை நடத்தும் ஸ்போடு என்னும் முரடன் வருகிறான். அந்நாளைய பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியை நையாண்டி செய்யும் படைப்பு அது. பாசிசத்தின் நண்பர் என்று பிறகு தூற்றப்பட்டவர், போருக்கு முன்பே அதை நகைப்புக்கு இடமாக்கியவர் என்பது கருதத் தக்கது.

கடிதங்களில் காணும் மனிதர்

உட்ஹவுஸின் கடிதங்களில் மிகப் பெரும் பகுதி, டல்விச்சில் உடன் பயின்ற வில்லியம் டவுன்எண்டு என்னும் நண்பருக்கு எழுதியவை. டவுன்எண்டும் எழுத்தாளரே, ஆனால் புகழும் பொருளும் அவரை நாடவில்லை. ஒருவர் உலகம் போற்றும் எழுத்தாளர். மற்றவர் அன்றாடச் செலவுக்கே அல்லலுற்றவர். எனினும் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக நிகழ்ந்த இக்கடிதப் போக்குவரத்தில் மேலோர் கீழோர் என்ற பேச்சே இல்லை. இருவரும் ஒரே தொழிலைச் செய்யும் கைவினைஞர்கள் என்ற பாவனையிலேயே உட்ஹவுஸ் எழுதுகிறார். கதையின் கட்டுக்கோப்பை முன்கூட்டியே எவ்வாறு விரிவாக எழுதி அமைப்பது, ஒரு பாத்திரத்தை எப்போது நுழைப்பது, உரையாடலை எங்கே தொடங்குவது என்றெல்லாம் பேசுகிறார். நண்பருக்குப் பணம் அனுப்புவதையும் அவர் பெருமைக்குரிய செயலாகக் காட்டிக்கொள்வதில்லை. அவர்தம் ‘லவ் அமங் தி சிக்கன்ஸ்’ என்னும் 1906ஆம் ஆண்டு நாவலுக்கு மூலக் கரு அளித்தவர் டவுன்எண்டுதான். அந்தச் சிறு கடனை வாழ்நாளெல்லாம் மறவாதவர் உட்ஹவுஸ்.

மகள் லியோனோராவுக்கு எழுதிய கடிதங்கள் வேறு வகையின. அவற்றில் தந்தையின் பரிவோடு, தம் எழுத்தை மதிப்பிடத் தக்க அறிவுடையவள் என்ற மதிப்பும் கலந்திருக்கிறது. தாம் பெற்றோரிடம் பெறாத நெருக்கத்தை, தாம் பெறாத மகளுக்கு அவர் வழங்கினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இத்தனை கடிதங்களிலும் ஒரு குறை உண்டு. நாட்டு நடப்பும் உலகப் போக்கும் அவற்றில் அரிதாகவே நுழைகின்றன. பள்ளியின் காற்பந்தாட்ட முடிவுகளும், வளர்ப்பு நாய்களின் நலமும், கதையின் சிக்கல்களும் நிறைந்த பக்கங்களில், ஐரோப்பா எரிமலை மேல் அமர்ந்திருந்தது தெரிவதில்லை. தம் உலகத்தை ஒரு பள்ளி வளாகத்தின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டவர் அவர். அச்சுருக்கமே அவர் கதைகளுக்கு அழகு. அவர் வாழ்வுக்கு அதுவே ஊறு.

பெர்லினிலிருந்து வந்த குரல்

1930களின் நடுப்பகுதியிலிருந்து உட்ஹவுஸ் இணையர் பிரான்சின் வடகரையிலுள்ள லெ தூக்கே என்னும் ஊரில் குடியிருந்தனர். 1939 ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. பொருள் முடையால் மாணவராக நுழைய இயலாத இடத்தில் அறிஞராக வரவேற்கப்பட்டார். அவர் புகழின் உச்சி அது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் புகுந்தது. தப்பிச் செல்ல முயன்றபோது வண்டி பழுதாயிற்று. மீண்டும் முயன்றபோது சாலைகள் அடைபட்டிருந்தன. 1940 ஜூலையில் பகைநாட்டுக் குடிமகன் என்ற முறையில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். இறுதியில் மேல் சைலீசியாவில் தோஸ்ட் என்னும் ஊரில், மனநோயர் விடுதியாக இருந்த கட்டடத்தில் அடைக்கப்பட்டார். அங்கும் அவர் நாட்குறிப்பு எழுதினார்; ஒரு முழு நாவலையே எழுதி முடித்தார்.

1941 ஜூன் 21ஆம் நாள், அறுபது வயது நிறையச் சில மாதங்கள் இருக்கும்போது, அவர் விடுவிக்கப்பட்டுப் பெர்லினுக்குக் கொண்டு வரப்பட்டார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. சிறைப்பட்டிருந்த காலத்தில் அமெரிக்க வாசகர்கள் பலர் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தனர். அவற்றுக்கு விடை எழுத அவருக்கு வழியில்லை. வானொலியில் பேசினால் அனைவருக்கும் நன்றி கூறியதாகும் என்று அவர் கருதினார். ஜெர்மானிய வானொலி வழியாக ஐந்து உரைகள் நிகழ்த்தினார். நாஜிகளைப் புகழ்ந்து அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. முகாம் வாழ்வின் இன்னல்களை எல்லாம் தமக்கே உரிய முறையில் வேடிக்கையாக்கிச் சொன்னார், அவ்வளவே. வாசகர் கடிதங்களுக்கு எழுதப்படாத விடைக் கடிதமாகவே அவர் அதை எண்ணினார்.

ஆனால் கேட்டவர்கள் யார்? அந்த மே மாதம்வரை இங்கிலாந்தின் நகரங்கள்மீது குண்டுகள் பொழிந்திருந்தன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டிருந்தனர். அந்நேரத்தில், பகைவன் வானொலியில் ஓர் ஆங்கிலேயர் வேடிக்கை பேசினார் என்ற செய்தி நெருப்பாகப் பரவியது. ஜூலை 15ஆம் நாள், அமைச்சர் டஃப் கூப்பரின் ஆணைப்படி, ‘கசாண்ட்ரா’ என்னும் புனைபெயருடைய பத்திரிகையாளர் வில்லியம் கானர் பி.பி.சி. வானொலியில் உட்ஹவுஸைத் துரோகி எனக் கடுமையாகச் சாடினார். பி.பி.சி. ஆளுநர்கள் விரும்பாதிருந்தும் அமைச்சரின் ஆணை வென்றது. சில நூலகங்கள் அவர் நூல்களை அகற்றின. பழைய நண்பரான ஏ. ஏ. மில்னும் பத்திரிகையில் அவரைக் கண்டித்து எழுதினார்.

குற்றம் எங்கே?

இவ்விடத்தில் அரபு இலக்கணம் பயின்றோருக்கு ஒரு பாகுபாடு நினைவுக்கு வரும். மதரஸாக்களில் பாடம் சொல்லப்படும் தல்கீஸ் முதலிய அணியிலக்கண நூல்கள் ஃபஸாஹத், பலாகத் என இரண்டைப் பிரித்துக் கூறுகின்றன. சொல்லும் தொடரும் குற்றமற்றுத் தெளிவாக அமைவது ஃபஸாஹத். அத்தெளிவோடு, பேச்சு தான் நிகழும் நிலைமைக்குப் பொருந்தியும் அமைவது பலாகத். பேசும் பொருள் மட்டும் போதாது. யார்முன், எப்பொழுது, எவ்விடத்திலிருந்து பேசுகிறோம் என்பதும் பேச்சின் பகுதியே என்பது இதன் உட்பொருள். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் இருக்க, காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்ததும் இதனாலேயே.

உட்ஹவுஸின் பெர்லின் உரைகளில் ஃபஸாஹத் உண்டு; பலாகத் இல்லை. அதே சொற்களை 1946இல் நியூயார்க்கில் ஒரு விருந்தில் பேசியிருந்தால் அனைவரும் சிரித்து மகிழ்ந்திருப்பர். பகைவன் தந்த ஒலிபெருக்கி ஒவ்வொரு சொல்லின் பொருளையும் மாற்றிவிட்டது. தாம் என்ன சொல்கிறோம் என்பதில் மாத்திரம் கண்ணாயிருந்தவர், எவன் வாயிலில் நின்று சொல்கிறோம் என்பதைக் காணவில்லை.

இது அவருக்கு முதல் முறையும் அன்று. 1930இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் வாரம் 2000 டாலர் ஊதியத்தில் அவரை அமர்த்தியது. 1931இல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், தமக்கு ஏறத்தாழ 104000 டாலர் கொடுத்தும் குறிப்பிடத் தக்க வேலை ஏதும் வாங்கவில்லை என்று கள்ளமின்றிக் கூறிவிட்டார். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அது பெரும் பரபரப்பாயிற்று. உண்மையை வேடிக்கையாகச் சொன்னால் யாருக்கும் நோகாது என்று நம்பியவர், பத்தாண்டு கழித்து அதே நம்பிக்கைக்குப் பெருவிலை கொடுத்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றி எழுதிய நகைச்சுவை நூலின் முன்னுரையில் சிரிப்பைப் போற்றினார். அதற்கு இடமும் அளவும் வேண்டும் என்பதையும் சேர்த்தே வற்புறுத்தினார். உட்ஹவுஸ் முதற்பாதியை நன்கு அறிந்தவர், பிற்பாதியை அறியாதவர். தம் பாத்திரங்களுக்கு வழங்கிய பேதைமை தம்மிடமே இருந்ததை அவர் உணரவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் அவருக்காக வாதாடி எழுதிய கட்டுரையிலும், அவர் செயல் அறியாமையே அன்றித் துரோகமன்று என்ற முடிவே நிலைநாட்டப்பட்டது.

ஆயினும் அறியாமை என்று சொல்லி முழுவதும் விடுவித்துவிட நமக்கு மனம் வரவில்லை. ஐம்பத்தொன்பது வயதுடைய ஒருவர், உலகம் முழுதும் செவிசாய்க்கும் எழுத்தாளர், தம் சொல்லுக்குள்ள எடையை அறிந்திருக்கக் கடமைப்பட்டவர். மகனை இழந்த தாய் அவ்வானொலியைக் கேட்டிருந்தால் அவள் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? அவர் குற்றம் துரோகம் அன்று. ஆனால் குற்றமே இல்லை என்பதும் அன்று.

திருத்தப்பட்ட கடிதங்கள்

கடிதங்களை நம்புவது பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். டவுன்எண்டுக்கு எழுதிய கடிதங்கள் 1953இல் ‘பெர்ஃபார்மிங் ஃப்ளீ’ என்ற பெயரில் வெளிவந்தன. வித்தை காட்டும் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பொருள். அயர்லாந்து நாடகாசிரியர் ஷான் ஓகேஸி அவரை இழித்துரைத்த சொல்லையே அவர் தலைப்பாக்கிக்கொண்டார். வசையைத் தலைப்பாக அணிந்த பெருந்தன்மை பாராட்டத் தக்கது. ஆனால் அந்நூலில் உள்ளவை அஞ்சலில் சென்ற கடிதங்கள் அல்ல. அச்சுக்கு அனுப்புமுன் உட்ஹவுஸ் அவற்றை வெட்டியும் ஒட்டியும், புதிய வேடிக்கைகளைச் சேர்த்தும் மாற்றி எழுதினார். நூலின் வருவாய் டவுன்எண்டுக்கு உதவட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. எனினும் கடிதம் என்று நம்பிப் படிப்பவர் முன் ஒப்பனை செய்த முகமே நிற்கிறது.

மூலக் கடிதங்கள் பின்னரே வெளிவந்தன. பிரான்சஸ் டொனால்ட்சன் 1990இல் ஒரு தொகுதியும், சோஃபி ராட்கிளிஃப் 2011இல் விரிவான மற்றொரு தொகுதியும் பதிப்பித்தனர். கடிதங்களைப் படிப்பது முறையா என்று கேட்ட மாணவருக்கு நம் விடை இதிலேயே உள்ளது. எழுதியவரே ஒருமுறை ஊர்முன் வைத்துவிட்ட கடிதத்தின் உண்மை வடிவைத் தேடுவது ஒட்டுக் கேட்டல் ஆகாது. அது சாட்சியத்தைச் சரிபார்த்தல்.

அம்மூலங்களில் நம்மை நிறுத்தி வைப்பவை நகைச்சுவை இல்லாத இடங்கள். 1944 மே மாதத்தில் லியோனோரா, ஒரு சிறிய அறுவை மருத்துவத்தின்போது நாற்பதாம் வயதில் இறந்தார். போர் அஞ்சலைத் துண்டித்திருந்ததால், மகளின் மரணம் பாரிசில் இருந்த தந்தைக்கு எட்ட மாதங்கள் சென்றன. அதன்பின் எழுதிய கடிதங்களில் அவர் துக்கத்தை விரித்துரைக்கவில்லை, வேடிக்கையாக்கவும் இல்லை. எதையும் சிரிப்பால் மூடப் பழகிய கை, இங்கே மட்டும் மூடத் துணி கிடைக்காமல் நின்றுவிட்டது. பெர்லின் உரைகளைப் படித்து அவர் நெஞ்சு வறண்டது என எண்ணியவர்கள் இவற்றையும் படிப்பது நலம்.

இறுதிக் காலம்

1944இல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் சார்பில் மேஜர் கசன் அவரை விசாரித்தார். வழக்குத் தொடுக்க இடமில்லை என்று அறிக்கை தந்தார். ஆனால் இச்செய்தி உட்ஹவுஸுக்குத் தெளிவாக அறிவிக்கப்படவே இல்லை. அவர் இறந்து ஐந்தாண்டுகள் ஆனபின், 1980இல்தான் அறிக்கை வெளிப்பட்டது. பழி சொன்ன வானொலி ஒரே இரவில் நாடெங்கும் ஒலித்தது. பழி நீக்கிய தாள் முப்பத்தாறு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. உட்ஹவுஸ் 1947இல் அமெரிக்கா சென்றார். 1955இல் அந்நாட்டுக் குடிமகனானார். இங்கிலாந்துக்கு ஒருபோதும் திரும்பவில்லை. கானர் சாடிச் சரியாக இருபதாண்டு நிறைந்த 1961 ஜூலை 15 அன்று, எழுத்தாளர் ஈவ்லின் வா அதே பி.பி.சி.யில் அவருக்குப் பரிகாரமாக உரையாற்றினார். 1975ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘சர்’ பட்டம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 14ஆம் நாள், தொண்ணூற்று மூன்றாம் வயதில் அவர் காலமானார்.

அவரை மாசற்றவர் என்று காட்ட நாம் விரும்பவில்லை. மில்ன்மீது கொண்ட மனக்கசப்பை ஒரு கதையில் நையாண்டியாகத் தீர்த்துக்கொண்டவர்தாம் அவர். ஆயினும் தம்மை நாடறியத் துரோகி என்று தூற்றிய கானரைப் பிற்காலத்தில் நியூயார்க்கில் சந்தித்தார். உடன் அமர்ந்து உணவருந்தினார். அதன்பின் இருவரும் நண்பராயினர். வேடிக்கைப் பெயர் வைத்து அழைத்துக் கானருக்குக் கடிதமும் எழுதினார். பழி சொன்னவரும் பழி சுமந்தவரும் கடிதத்தின் வழியே பாதிச் சந்திப்பைத் தொடர்ந்தனர்.

இந்த வாழ்க்கையிலிருந்து எழுதுவோருக்கு ஒரு படிப்பினையும் படிப்போருக்கு ஒரு படிப்பினையும் உண்டு. நல்ல சொல்லையும் இடமறிந்து சொல்ல வேண்டும் என்பது எழுதுவோருக்குரியது. ஒருவரை அவருடைய ஒரு கோடைகாலத்தைக் கொண்டு மாத்திரம் தீர்ப்பிடாமல், அவர் எழுதிய எல்லாக் கடிதங்களையும் படித்தபின் வாய் திறக்க வேண்டும் என்பது படிப்போருக்குரியது. மாணவரிடம் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தபோது நாம் சொன்னதும் இதுவே: படியுங்கள்; ஆனால் அமானிதமாகப் படியுங்கள்.